டப்பாவை முன்னால் வைத்த பத்து நாள்

அன்றைக்குச் சமையல்கட்டை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைவர் மாமி, மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்தவர், மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரரோடு போட்ட சண்டையின் மூச்சிரைப்பு இன்னும் அடங்காமல் உட்கார்ந்திருந்தார். பொருளாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தோல் பையை மடியில் வைத்திருந்தார். தி.நகர் பாத்திரக் கடை முதலாளி, கடையில் கூட்டம் வரும் நேரம் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா, எங்கள் சமையல்காரர், காபி கொண்டுவந்தவர் டம்ளர்களைத் திரும்ப எடுத்துப்போகக் கதவில் சாய்ந்து நின்றார். ஐந்தாவது ஆள் நான். வேறு யாரும் இல்லை.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு எடுத்த முடிவு கூட்ட நோட்டில் ‘ஒருமனதாக’ என்று எழுதியிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் பழைய நோட்டுகளைப் புரட்டும்போது அது கண்ணில் படும். நம்ப வேண்டாம். யோசனை என்னுடையது. மாமி வேண்டாம் என்றார். ஸ்டெல்லாவை யாரும் கேட்கவில்லை.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, நோயாளிகளுக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு மதியமும் இரவும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். படுக்கையில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி ஏதோ கொடுத்துவிடும். கூட இருப்பவரை யாரும் கேட்க மாட்டார்கள். அவர்கள்தான் எங்கள் ஆட்கள். ஒரு வேளைக்கு நூற்றிருபது பேர் வருவார்கள். வாசலில் ஒரு மேசை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். ஆளுக்கு ஒரு தகர வில்லை கொடுப்பேன். எத்தனை வில்லை போயிற்று என்று பார்த்து மறுநாளைக்கு அரிசி அளப்போம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். சைதாப்பேட்டையில் வீடு. அந்த முதலாளியின் கடை வாசலில் பதினான்கு வருடம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். இந்த இடத்துக்காக இருநூறு தட்டு வாங்கியபோது அதில் பெயர் வெட்ட வந்தேன், இரண்டு நாள் வேலை. அப்படியே தங்கிவிட்டேன். எப்படி நிர்வாகியானேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள், கேஸ் மூடியிருக்கிறதா என்று பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வருகிற ஆள் என்பதால் மாமிக்கு என்மேல் நம்பிக்கை இருந்திருக்கலாம். கவலைப்படுகிறவன் தப்பு செய்ய மாட்டான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே காசு போடத் துளை போட்ட பெரிய தகர டப்பா. அது கொல்லைப்பக்கம், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு சுவரின் மறைவில் இருந்தது. கை கழுவப் போகிறவர் அங்கே தனியாகத்தான் இருப்பார். அதற்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது மாமி. இலவசமாகப் போடுகிற இடத்தில் டப்பா எதற்கு என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன்.

“வாங்கிண்டே இருக்கறவாளுக்கும் ஒரு நாள் குடுக்கணும்னு தோணும்பா. அதுக்கு ஒரு இடம் வேண்டாமா? ஆனா யார் போட்டா, யார் போடலைங்கறது நமக்குத் தெரியவே படாது. தெரிஞ்சா நம்ம மூஞ்சி மாறிடும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை.

கூட்டம் நடந்த காரணம் இதுதான். எங்களுக்கு மாதாமாதம் அரிசிக்குப் பணம் தந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, இனி தருவதற்கில்லை என்று ஆங்கிலத்தில் மூன்று வரி அனுப்பிவிட்டது. அந்தக் கடிதத்தை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அலைந்தேன், பொருளாளர் வந்து படித்துச் சொல்லும்வரை. அதே வாரம் சைதாப்பேட்டை அரிசிக் கடைக்காரர், பழைய பாக்கி தீராமல் புது மூட்டை இறங்காது என்று சொல்லிவிட்டார். இருக்கிற அரிசி பதினெட்டு நாளுக்கு வரும் என்று பொருளாளர் கணக்குப் போட்டார். பத்தொன்பதாம் நாள் வாசலில் நூற்றிருபது பேர் நிற்கிற காட்சி கண்ணை மூடினாலும் திறந்தாலும் தெரிந்தது.

“டப்பாவ முன்னால வெச்சா என்ன? வில்லை குடுக்கற மேசை மேலயே?” என்று நான்தான் ஆரம்பித்தேன். “இப்ப ஒரு நாளைக்கு முப்பது நாப்பது ரூபாதான் விழுது. பாதிப் பேருக்கு அங்க ஒரு டப்பா இருக்கறதே தெரியாது.”

“நியாயம்தானே,” என்றார் முதலாளி. “நம்ம கடையில கல்லாப்பெட்டிய கொல்லையிலயா வெச்சிருக்கேன்?”

“இது கடை இல்லையே,” என்றார் மாமி.

“சரி, கோயில்னு வெச்சுக்குங்க. கோயில்ல உண்டியல் சாமிக்கு நேர் எதிரதான் இருக்கு. ஒளிச்சா வெச்சிருக்காங்க?”

பொருளாளர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. “சாப்பாடு போடறதுக்கு முன்னாடி டப்பாவக் காட்டினா அது டிக்கெட் ஆயிடும்.”

“யாரையும் போடச் சொல்லப் போறதில்ல மாமி. சும்மா வெக்கப் போறோம். அவ்வளவுதான். நிலைமை சரியாகற வரைக்கும்,” என்றேன்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு மனசு ஒப்பலை, கோபால். ஆனா நித்தம் அரிசிக்கு அலையறவன் நீ. நான் ஆத்துல உக்காந்துண்டு சட்டம் பேசப்படாது. நீ சொல்றே, செய்.”

ஸ்டெல்லா டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக அடுக்கினார் என்று இப்போது தோன்றுகிறது.

திங்கட்கிழமை மதியம் டப்பாவை மேசைமேல் வைத்தேன். சொன்னபடியே யாரையும் போடச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிசையில் மூன்றாவதாக வந்த ஒருவர் ஐந்து ரூபாய்த் தாளை மடித்துப் போட்டார். எனக்கு அந்த நேரத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், என்னை அறியாமல், “நல்லா இருங்க” என்றேன். அடுத்தவரும் போட்டார். அவருக்கும் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

அன்றைக்கு நூற்று எழுபது ரூபாய் விழுந்தது. மறுநாள் இருநூற்றுக்கு மேல். ராத்திரி நான் வீட்டுக்குப் போய்ச் சோறு நன்றாகச் சாப்பிட்டேன். வார நடுவில் வந்த பொருளாளர், “கோபால், நீ பேங்க்ல இருந்திருக்கணும்யா,” என்று முதுகில் தட்டினார். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடந்தது. வெளியே போகிற வில்லை குறைந்தது. நூற்றிருபது நூற்றுப் பன்னிரண்டாயிற்று, பிறகு நூற்று நான்காயிற்று. நான் அதைக் கவனித்தேன். கவனித்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு கிலோ அரிசி மிச்சம், பதினெட்டு நாள் இருபது நாளாக நீளும் என்று கணக்குப் போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு கணக்குப் போடுவீர்கள், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

பத்தாம் நாள், புதன்கிழமை மதியம், பந்தி முடிகிற நேரத்தில் ஸ்டெல்லா கரண்டியோடு வாசலுக்கு வந்தார். ஊரூர் குப்பத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சார் என்றுதான் கூப்பிடுவார், ஆனால் பேசுவதெல்லாம் தம்பியிடம் பேசுவதுபோல இருக்கும்.

“இன்னா சார் இது, சோறு மீந்துக்கினே கீது. நேத்தும் மீந்துச்சு, முந்தாநேத்தும் மீந்துச்சு. அரிசி கொறச்சியும் மீறுது.”

“டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருப்பாங்க ஸ்டெல்லாம்மா.”

“இத்தினி பேரும் ஒரே வாரத்துல சொஸ்தமாயி பூட்டாங்களா? அப்ப ஆஸ்பத்திரிய இஸ்து மூடிட வேண்டியதுதான்.” கரண்டியால் டப்பாவை ஒரு தட்டுத் தட்டினார். “அந்தக் கள்ளக்குறிச்சி அம்மா எங்க? அஞ்சல. நாலு நாளா கண்ல காணோம். அது சொல்லாம போற ஆளு இல்ல. ரசத்துல உப்பு கம்மின்னாக்கூட உள்ள வந்து சொல்லிட்டுப் போற ஆளு.”

அஞ்சலையை எனக்கும் தெரியும். கணவருக்குத் தொண்டையில் கட்டி. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கரண்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மொத்தம் முப்பது தடவை. யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை மதியம் வந்தார், இரண்டு ரூபாய் போட்டார், நான் நல்லா இருங்க என்றேன். அதற்குப் பிறகு அந்த முகம் நினைவில் வரவில்லை.

மேசையை அப்படியே விட்டுவிட்டு ஸ்டெல்லாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். பாதி வழியில் டப்பாவைப் பூட்டாமல் வந்துவிட்டோமே என்று நின்றேன். ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தார். “யாராச்சும் தூக்கிக்கினு போனா நல்லதுன்னு நெனச்சிக்கோ. நட சார்.”

பொது வார்டில் கடைசிக் கட்டிலில் அஞ்சலையின் கணவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கழுத்தில் ஊதா மையில் கோடு போட்டிருந்தார்கள். தோல் கறுத்திருந்தது. சாப்பாடு போடுகிற இடத்திலிருந்து வருகிறோம் என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“வாங்கய்யா. அவ உங்ககிட்டதான் சாப்புடப் போயிருக்கா. வழியில பாக்கலீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டார். “நாங்க வேற வேலையா இப்டி வந்தோம்ண்ணே. சும்மா உன்னப் பாத்துட்டுப் போலாம்னு.”

“நேத்து முட்டகோசு பொரியலாமே. சாம்பாரு நல்லா கெட்டியா இருந்துச்சாம்.” அவர் எச்சில் விழுங்க முயன்று, முடியாமல், ஒரு துணியில் துடைத்துக்கொண்டார். “எனக்கு எதுவும் எறங்க மாட்டேங்குது. அதான் அவ சாப்புட்டு வந்து என்னா என்னா சாப்புட்டேன்னு சொல்லுவா. கேட்டுக்கினு படுத்திருப்பேன். அதான் எனக்குச் சாப்பாடு.”

முந்தின நாள் நாங்கள் போட்டது வத்தக்குழம்பும் அவரைக்காயும்.

சில சமயம் யோசிப்பதற்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கும். நான் திருதிருவென்று முழித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்டெல்லா சாதாரணமாக, “தேங்கா கொஞ்சம் தூக்கலா போட்டுட்டேன்ண்ணே, சொன்னாங்களா?” என்றார். அவர் முகம் மலர்ந்தது. “அத சொல்லல,” என்றார். “ஆமாமா, தேங்காய் அதிகம்தான்,” என்று நானும் சேர்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் நான் வருத்தப்பட்டதில்லை.

வார்டு வாசலில் நர்ஸ் எங்களைக் கூப்பிட்டார். “அவங்க வைஃப் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? காலையில வந்து பேப்பர் கேட்டாங்க. சொந்தப் பொறுப்புல ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். பதினாலுதான் ஆயிருக்கு, இன்னும் பதினாறு இருக்கு. பாதியில விட்டா வெச்சதெல்லாம் வீண், கட்டி திரும்ப வளரும்னு டாக்டர் சொல்லிப் பாத்துட்டாரு. அந்தம்மா காதுல வாங்கல. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடறேன்னு போயிருக்காங்க. நீங்களாவது சொல்லுங்க.”

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் அஞ்சலையைக் கண்டுபிடித்தோம். மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் பை, மூட்டை கட்டியாகிவிட்டது. கையில் எவர்சில்வர் டம்ளர். தண்ணீரைக் குடித்து, எழுந்து பிடித்து, மறுபடி குடித்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கணவருக்குக் கொடுக்கும் ரொட்டியில் அவரால் விழுங்க முடியாததுதான் இவருக்கு இந்த நான்கு நாளும் சாப்பாடு என்று பிறகு தெரிந்தது.

நான் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. பதற்றத்தில் சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன். தொட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லா என் கையைக் கீழே தள்ளினார். “உள்ள வை சார். ஊரக் கூட்டாத.”

பிறகு ஸ்டெல்லா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “ஏம்மா, சாப்புட வராம இன்னாத்துக்கு இங்க தண்ணி குடிச்சிக்கினு கீற? எனக்கு வெங்காயம் உரிக்க ஆள் இல்ல. வா, ஒரு மணி நேரம் உரிச்சிக் குடு, சாப்புடு, கணக்கு சரியாப் பூடும்.”

ஸ்டெல்லாவின் யோசனையும் பலிக்கவில்லை. “ஒரு மணி நேரம் நான் அங்க குந்திக்கினா கரண்டு ரூமுக்கு அவர யாருக்கா இட்டுக்கினு போறது? எப்ப கூப்புடுவாங்கன்னு தெரியாது. கூப்புட்டப்ப ஆளில்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

நான் கேட்டேன். “அம்மா, நாங்க யாரையும் காசு போடச் சொல்லலையே. போடாட்டியும் வில்லை குடுத்திருப்பேனே.”

“குடுப்பீங்க. இல்லேன்னு சொல்லல.” டம்ளரைக் கீழே வைத்தார். “மொத நாளு எனக்கு முன்னாடி போனவரு அஞ்சு ரூவா போட்டாரு. நல்லா இருங்கன்னு சொன்னீங்க. நான் ரெண்டு போட்டேன், எனக்கும் சொன்னீங்க. பின்னாடி வந்த அம்மா போடல. நீங்க தல நிமிரல, வில்லைய தள்ளி வுட்டீங்க.”

எனக்கு அப்படிச் செய்த நினைவே இல்லை. செய்திருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை.

“வூட்டுக்காரரு இப்படிக் கெடக்கறாரு. காலையில எழுந்ததுலேருந்து எல்லாரும் பயமுறுத்தறாங்க, டாக்டரு, நர்சு, பக்கத்துக் கட்டிலு. நாள் பூரா நல்லா இருன்னு சொல்றது நீங்க ஒருத்தருதான். அத வேணாம்னு எப்படிங்க வுடறது? ஒரு வேள போடாம போயி, நீங்க சொல்லாம வுட்டு, அன்னிக்கு அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?” முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார். “பதினோரு வேளை போட்டேன். வேளைக்கு ரெண்டு ரூவா. அப்புறம் பாத்தா ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பற பஸ் காசுதான் மிச்சம். அதுல கை வைக்க முடியாது. வார்த்தை இல்லாம சோறு வாங்கவும் மனசு வரல. நடக்கறப்ப கண்ணு இருட்டுது. நான் இங்க வுழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு கொண்டுபோறது? அதான் போயிடலாம்னு.”

தம்பிகளே, தங்கைகளே, டப்பாவை முன்னால் வைத்ததுதான் தப்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டு வந்தேன். தப்பு அதைவிடப் பெரியது. நான் வாழ்த்துக்கு விலை வைத்திருந்தேன், எனக்கே தெரியாமல். பத்து நாளில் பதினாறு பேர் அந்த விலையைக் கொடுக்க முடியாமல் நின்றிருக்கிறார்கள், நான் அதை அரிசிக் கணக்கில் லாபமாக எழுதியிருக்கிறேன்.

“தப்பு என்னுதும்மா. இன்னிக்கு ராத்திரி டப்பா அங்க இருக்காது. பழைய இடத்துக்குப் போயிடும். மேசையும் இருக்காது. நீங்க குடுத்தத நான் திருப்பித் தந்துடறேன்,” என்றேன்.

“குடுத்தத திரும்ப வாங்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க.”

“சரி, அத அப்புறம் பேசிக்கலாம். ராத்திரி சாப்பிட வாங்க. நாளைக்கு அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க.”

“பாக்கறேன்,” என்றார். அவ்வளவுதான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். மேசையை மடக்கி உள்ளே போட்டேன். வில்லைகளைப் பெட்டியில் போட்டேன். ஸ்டெல்லா ஆஸ்பத்திரிப் பக்கம் இன்னொரு நடை போய், வராமல் நின்றுபோனவர்களில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம், “வாசல்ல டப்பா இல்ல, வந்து துன்னுட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் அப்படித்தான் பேசுவார். அதில் ஒருவருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

ராத்திரிப் பந்தி ஆறரைக்கு. வாசலில் சும்மா நின்றேன். கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், “வாங்க, நல்லா இருங்க,” என்றேன். ஒருவரையும் விடவில்லை. சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பழைய முகங்கள் நான்கைந்து வந்தன. ஏழு மணியாயிற்று. அஞ்சலை வரவில்லை. தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நான் போன நேரத்தில் வந்துவிட்டுத் திரும்பியிருப்பாரோ என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். “இன்னும் வரல. நீ இங்கியும் அங்கியும் ஓடிக்கினு இருந்தா வர்றவங்களும் பயந்து ஓடிடுவாங்க. நில்லு.” காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த மனிதர் இனி எவ்வளவு நாள் முட்டைகோஸ் கதை கேட்பார் என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

ஏழே முக்காலுக்குக் கடைசிப் பந்தி எழுந்த பிறகு அஞ்சலை வந்தார். வாசலில் நின்று மேசை இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நல்லா இருங்கம்மா,” என்றேன்.

“அவருக்கும் சேத்துச் சொல்லுங்க.”

“ரெண்டு பேரும் நல்லா இருங்க.”

உள்ளே போய் உட்கார்ந்தார். ஸ்டெல்லா பரிமாறிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். இரண்டாம் தரம் சோறு வாங்கிய பிறகுதான் அஞ்சலை நிமிர்ந்து, “இன்னிக்குக் கூட்டு கொஞ்சம் கொழஞ்சி போச்சிக்கா,” என்றார். ஸ்டெல்லா முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். பிறகு அஞ்சலை கை கழுவப் போனார். நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். டப்பாவில் ஏதாவது போட்டாரா, இல்லையா, எனக்குத் தெரியாது.

மறுநாள் அவர் கையெழுத்துப் போடவில்லை.

அரிசிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அந்தப் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. மாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. “சரி, செருப்ப மாட்டிண்டு வா,” என்றார். மயிலாப்பூரில் மாடவீதிகளை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். மாமி பாட்டுச் சொல்லிக்கொடுத்த வீடுகள், பரீட்சைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகள். தி.நகரில் முதலாளி தன் தெருக் கடைக்காரர்களிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “இவன்தான் உங்க வீட்டுக் குடத்துலயெல்லாம் பேர் வெட்டினவன், இன்னிக்குக் கை நீட்டறான், போடுங்கய்யா,” என்று சொல்லியே வாங்கினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாதிப் பேர் இல்லை என்றார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார். குப்பத்தில் ஸ்டெல்லாவின் தெருப் பெண்கள் மீன் விற்றுத் திரும்பும்போது ஆளுக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள், வாரத்துக்கு ஒரு தரம், யார் எவ்வளவு என்று சொல்லாமல். அப்படி இப்படி என்று, இருந்த அரிசி தீர்வதற்கு முந்தின நாள் புது மூட்டை இறங்கியது.

எல்லோரையும் கொடுக்க வைக்க வேண்டும் என்றுதான் நம் வேலையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் யாரிடம் எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பாருங்கள். இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்த முடிகிறவரின் வீட்டு வாசலில் நின்று கேளுங்கள், கூசாமல் கேளுங்கள், நாயை அவிழ்த்தாலும் கேளுங்கள். நம் வாசலில் தட்டோடு நிற்கிறவருக்குச் சாத்துவதற்குக் கதவு கிடையாது. அவருக்குக் கொடுக்கிற ஆசை வந்தால் அதற்கு ஒரு மறைவான இடம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மிச்சமிருந்த பதினாறு கரண்டும் முடிந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு இருவரும் வந்தார்கள். அவர் மெதுவாக நடந்தே வந்தார், கஞ்சி இறங்குகிறது என்று சொன்னார். நான் அதற்குள் பொருளாளரோடு மல்லுக்கட்டி வைத்திருந்தேன். டப்பாவில் விழுந்த காசுக்குப் பெயர் கிடையாது, அதைத் திருப்பித் தர எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவர் ஒரு வாரம் தலையைச் சொறிந்தார். கடைசியில் ‘தர வேண்டியவை’ என்ற பக்கத்தில் எழுதி, வவுச்சரும் போட்டுக் கொடுத்தார். அதையும் பணத்தையும் அஞ்சலையிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. இந்தத் தடவை பழக்கம் இல்லை என்றும் சொல்லவில்லை. கணவரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூணு மாசம் கழிச்சி செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க. அப்ப இவரே வந்து உங்க கையால வாங்கிக்கட்டும். வாங்க வேண்டியது ஒண்ணு இங்க இருந்தா, வரணும்னு இருக்கும் இல்லீங்களா?”

மூன்று மாதம் கழித்து அவர்கள் வரவில்லை. ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் கேட்டேன், வரவில்லை என்றார்கள். அஞ்சலை சொன்ன விலாசத்துக்கு இரண்டு கார்டு போட்டேன். பதில் இல்லை. உடம்பு தேறினவன் எதற்கு இவ்வளவு தூரம் வருவான் என்று ஸ்டெல்லா சொல்வார். நான் சரி என்று தலையாட்டுவேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் தெருமுனையில் மஞ்சள் பையோடு ஒரு பெண் நடந்து வந்தால் பக்கத்தில் யார் வருகிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஆடிட்டர் அந்த வரியில் பேனாவை வைத்து, அடித்துவிடலாமா என்று கேட்பார். நான் இருந்தவரை விடவில்லை. இனி உங்களைக் கேட்பார்கள். சின்னத் தொகைதான், சிரிப்பாகக்கூட இருக்கும். அடிக்க விடாதீர்கள். அஞ்சலை, கள்ளக்குறிச்சிப் பக்கம்; நாம் இன்னும் தர வேண்டியது இருபத்திரண்டு ரூபாய்.